ரோக் தீவின் வாசல்

அங்கே சிலருக்கு விடிகாலை, சிலருக்கு நடுநிசி என்று தெரியும். சுருக்கமாகவே பேசுகிறேன்.

உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ கதைகளில் ரோக் என்று ஒரு தீவு வரும். மந்திரவாதிகளின் பள்ளிக்கூடம் அங்கேதான். முதல் நாவல் 1968-இல் வந்தது. ஹாரி பாட்டருக்கு ஏறக்குறைய முப்பது வருடம் முன்னால். பள்ளிக்கூடத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு வெளியே இருக்கும் இரண்டு இடங்கள். ஒன்று ஒரு குன்று. அதன் உச்சியில் எதுவும் வேடம் போட முடியாது, எது எதுவோ அதுவாகத்தான் நிற்கும். இன்னொன்று ஒரு தோப்பு. நான் அதை உள்ளுறைத் தோப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒருநாள் இங்கே, மறுநாள் அங்கே என்று நகர்வதுபோல இருக்கும். உண்மையில் தோப்பு அசைவதே இல்லை. மற்றதெல்லாம்தான் நகர்கிறது. அங்கே வசிக்கும் ஆசிரியர் புத்தகம் வைத்துப் பாடம் நடத்துவதில்லை. இலைகளும் நிழலும் போடுகிற கோலத்தை வாசிக்கிறார். நம் ஊர்க் கோயில்காடுகளில் சுள்ளி ஒடிக்கப் பயப்படுவோமே, அந்தப் பயம் கலந்த மரியாதை எனக்கு இந்தப் பக்கங்களில் வந்தது.

கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பல வருடம் கழித்து, இங்கே குளிர்கால இரவுகளில் என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கதாநாயகன் கெட் பள்ளியின் வாசலில் தன் உண்மைப் பெயரைச் சொல்லி உள்ளே போகிற இடம். "அப்பா, நான் போய் என் பேரைச் சொன்னா உள்ளே விடுவாங்களா?" என்றாள். விடமாட்டார்கள். ரோக்கில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். அந்த உலகத்தில் பெண்களின் மந்திரத்தை இளக்காரம் செய்யப் பழமொழியே உண்டு. நான் பக்கத்தைப் புரட்டிவிட்டு, தூங்கு என்றேன். இப்போதும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

லெ குவினுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. மூன்றாவது நாவல் 1972. நான்காவது, 'தெஹானு', 1990. நடுவில் 18 வருடம். பழைய புத்தகங்களை அவர் திருத்தவில்லை. அந்த உலகத்துக்குள்ளேயே திரும்பிப் போய், இந்தக் கதவை யார் சாத்தினார்கள் என்று தேடினார். 2001-இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' தொகுப்பின் முதல் கதையில் விடை இருக்கிறது. கெட் காலத்துக்குச் சுமார் 300 வருடம் முன்னால், சுரங்க அடிமையாயிருந்து தப்பிய மெட்ரா என்பவன் ரோக் தீவுக்கு வந்து சேர்கிறான். அங்கே சூறையாடலில் எஞ்சிய பெண்கள் இருக்கிறார்கள். தோப்பை அறிந்தவர்கள் அவர்கள்தான். பள்ளியைத் தொடங்கியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. பெண்களை விலக்கியது பின்னால் வந்த தலைமை மந்திரவாதி. ஆதிமுதல் வழக்கம் என்று எல்லாரும் நம்பியது இடையில் நுழைந்த ஒன்று!

அதே தொகுப்பின் கடைசிக் கதை 'டிராகன்ஃப்ளை'. இரியன் என்ற பெண் ஆண்வேடத்தில் ரோக் வருகிறாள். வாசலில் வேடத்தை விட்டுவிட்டுத் தன் பெயரைச் சொல்கிறாள். காவலர் உள்ளே விடுகிறார். ஆசிரியர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டையிடுகிறார்கள். அத்தனை நாளும் அவளுக்கு அடைக்கலம் கொடுப்பது தோப்பு. மாளிகையில்தான் விதி, மரங்களுக்கு அது கிடையாது. கடைசியில் அவளை விரட்ட வந்தவர் அவள் பின்னாலேயே குன்றில் ஏறுகிறார். அங்கே வேடம் செல்லாது என்றேன் அல்லவா? அவர் ஏற்கெனவே செத்தவர். எலும்பாகச் சரிகிறார். அவள் டிராகனாகிப் பறந்துபோகிறாள். மிஞ்சிய ஆசிரியர்கள் மாளிகைக்குத் திரும்புகிறார்கள், கதவுகளைத் திறந்துவைக்க.

இந்தக் கதையை நான் படித்து முடித்தபோது மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டிருந்தாள். புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, "கேட்டதுக்குப் பதில் வர இவ்வளவு நாளா?" என்று செய்தி வந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், மைக்கை நிறுத்தி வைத்திருப்பவர்கள் திறந்துகொள்ளலாம்.