வாடிய செடியும் ஒரு செம்பு நீரும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘வீட்டில் செடி வளர்ப்பு’ என்னும் பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தனர். பத்தாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்த நமக்குத் தாவர நூற்புலமை ஏது? ஆயினும், ஒரு செடியைச் சாகடிக்கும் வகையும், சாகும் தறுவாயிலிருந்து அதனை மீட்கும் வகையும் நாம் பட்டறிந்தவை. அன்றியும், இம்மேடையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய கடமையும் நமக்குண்டு. அதனைக் கேட்க வேண்டியவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

ஈராண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பின் மூத்த குடும்பத்தார் பணி ஓய்வு பெற்று அம்பாசமுத்திரம் சென்றனர். செல்லுமுன் அவ்வீட்டு அம்மையார், தாம் நெடுநாள் பேணிய தொட்டிச் செடி ஒன்றை நம் துணைவியார் கையில் ஒப்படைத்தார்கள். கடைகளில் ‘பீஸ் லில்லி’ என்று விற்கப்படுவது அது. பெயரில் லில்லி இருந்தாலும் அது அல்லியும் அன்று, லில்லியும் அன்று. நம் சேம்பு, சேனைக்கிழங்கு ஆகியவற்றின் இனத்தது. வெள்ளை இதழென்று நாம் வியப்பதும் இதழ் அன்று. தென்னையில் காண்பது போன்ற பாளையே. உண்மைப் பூக்கள் நடுவில் நிற்கும் தண்டில் பொடிப்பொடியாக இருக்கின்றன. கொலம்பியா முதலிய நாடுகளின் அடர்காட்டு நிழலே இதன் பிறப்பிடம். 1878 இல் மறைந்த வாலிஸ் என்னும் ஜெர்மானியர் அக்காடுகளில் அலைந்து செடி திரட்டியவர். இவ்வினத்துச் செடியொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நிற்க. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் பிறந்த நமக்கு, நீர் ஊற்றுவதே அன்பு. ஆகவே, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதைப்போல் நாள் தவறாது காலையில் ஒரு செம்பு நீர் ஊற்றி வந்தோம். தொட்டியோ பளபளப்பான பீங்கான் தொட்டி. அழகுக்காக நாமே வாங்கி மாற்றியது. அதன் அடியில் துளை உண்டா என்று பார்க்கத் தோன்றவில்லை. சென்ற ஆண்டு இடவப்பாதி மழை தொடங்கியது. காற்றெல்லாம் ஈரமாக இருந்தபோதும் நம் செம்பு ஓயவில்லை. ஆனி மாதத்தில் இலைகள் தொங்கின. தாகம் போலும் என்றெண்ணி மாலையிலும் ஒரு செம்பு சேர்த்தோம். இலைகள் மஞ்சளித்தன, நுனிகள் கருகின, ஒவ்வொன்றாய் வீழ்ந்தன.

அம்மையார் மாதந்தோறும் தொலைபேசியில் அழைப்பார்கள். “தம்பி, பிள்ளைகள் நலமா?” என்பது முதற்கேள்வி, “செடி எப்படி இருக்கிறது?” என்பது இரண்டாவது. “நலமே” என்றோம். ஒருமுறை படம் அனுப்பச் சொன்னார்கள். கைப்பேசியில் இருந்த முந்திய ஆண்டுப் படத்தை அனுப்பிவைத்தோம். அம்மையீர், அந்தக் குற்றத்தைத்தான் இவ்வவையில் இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

ஓண விடுமுறையில் நம் குடியிருப்பினர் பலரும் சேர்ந்து பொன்முடிக்குச் சென்றது உங்கட்கு நினைவிருக்கும். நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரை கடந்து, கல்லாற்றை ஒட்டிச் சென்றபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் மஞ்சு சூழ்ந்திருக்க, மற்றையோர் படம் பிடிப்பதில் மகிழ்ந்தனர். நாம் வழியில் கல்லாற்றுப் பக்கம் வண்டி நின்றபோதே ஒரு காட்சியில் சிக்கிவிட்டோம். தேநீர்க் கடையின் பின்புறச் சரிவில், பெருமரங்களின் நிழலில், சேம்பு போன்ற இலைகளையுடைய செடிகள் செழித்து நின்றன. நேர்வெயில் ஒரு கீற்றும் அவற்றின்மேல் படவில்லை. எத்தனையோ நாளாகப் பெய்த மழை! நம் செம்பு அதற்கு எம்மாத்திரம்? அவை அழுகவில்லையே, ஏன்?

வியப்புடன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினோம். மக்கிய இலையும் சிறு கல்லும் வேர்த்துணுக்கும் கலந்த மண். ஈரம் நிறைந்திருந்தும் விரல்களுக்கிடையே உதிர்ந்தது. நீர் அங்கே தங்குவதில்லை. சரிவில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடுகிறது. கடைக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே, “வேரினும் ஸ்வாசம் வேணம், சாரே” என்றார். வேருக்கும் மூச்சு வேண்டும் என்பது அதன் பொருள். காற்றுப் புகாத சேற்றில் வேர் திணறி அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆதலால் நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. வறட்சியில் வாடுவதும் இவ்வாறு வாடுவதும் பார்வைக்கு ஒன்றே. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. கண்ணாடிக் குடுவை நீரில் இதே செடியை வளர்க்கிறார்களே என்று சிலர் கேட்பீர்கள். அங்கே அடிக்கடி மாற்றும் தெளிந்த நீரில் காற்று கரைந்திருக்கிறது; நம் தொட்டிச் சேற்றில் அஃதில்லை.

அன்றிரவே வீடு திரும்பித் தொட்டியைக் கவிழ்த்தோம். எழுந்த நாற்றத்தைப் பற்றி விழாமேடையில் சொல்லலாகாது. வேரைக் குழாயடியில் கழுவினோம். பழுப்பாய், தொட்டால் கழன்றுவரும் வேர்களையெல்லாம் கொதிநீரில் நனைத்த கத்தரியால் வெட்டினோம். வெள்ளையாய், உறுதியாய் நின்றவை ஒரு கைப்பிடியளவே. அத்தனை சிறிய வேர் பல இலைகளைத் தாங்காதென்பதால், வாடியவற்றை நீக்கி மூன்று இலைகளை மட்டும் விட்டோம். பெரிய தொட்டியில் மண் மிகுதி, மண் மிகுந்தால் ஈரம் மிகுதி. எனவே அடியில் துளைகளுள்ள சிறு மண்தொட்டியைத் தேர்ந்தோம். தோட்டமண், மணல், மலையாளத்தார் சகிரிச்சோறு என்னும் தென்னைநார்த்தூள், சிறிது கரித்துண்டு ஆகியவற்றைக் கலந்து நட்டு, வெளிச்சம் வந்தும் வெயில் படாத வடக்குச் சன்னலருகே வைத்தோம். உரம் இடவில்லை, நோயாளிக்கு விருந்து ஆகாதன்றோ?

அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அதுவே கடினம். காலையில் கை தானே செம்பைத் தேடும். துணைவியார் செம்பை ஒளித்து வைத்துவிட்டு, மேல்மண் காய்ந்த நாளில் மட்டும் எடுத்துத் தந்தார்; ஊற்றிய தேதியை நாட்காட்டியில் குறித்தார். குழாய்நீரின் உப்பு தொட்டியில் தேங்குவதும் இலைநுனி கருகக் காரணமாகுமாம். ஆதலால் இயன்றவரை மழைநீரையே பிடித்து ஊற்றினோம். ஐந்து வாரம் ஓர் அசைவும் இல்லை. ஆறாவது வாரத்தில், வாழைக் குருத்துப்போல் சுருண்ட ஒரு பசுந்தளிர்! நம் இளைய மகள் அதனைக் காட்டத் தெருவையே அழைத்துவந்தாள்.

இச்செடி காற்றைத் தூய்மையாக்கும் என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். 1989 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வில் இதுவும் இடம்பெற்றது மெய்யே. ஆனால் அது மூடிய பேழைக்குள் நடந்த சோதனை. 2019 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, வீட்டில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்திற்கு ஈடாக வேண்டுமெனில் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை. குடியிருப்பு வீட்டில் அத்தனை தொட்டிகளை வைத்தால் நாம் நடைமேடையில்தான் படுத்துறங்க வேண்டும். தாய்மார்கள் ஒன்று கருத்தில் கொள்க: சேம்பைத் தின்றால் நாவை அரிக்கச் செய்யும் ஊசி போன்ற படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வைப்பது நலம்.

அம்மையீர், செடி இதோ, மேடையின் இடப்புறம் இருக்கிறது. ஏழு இலைகள், பூ இன்னும் இல்லை. இம்முறை படம் அன்று, செடியையே நேரிற் பார்க்கலாம். திரும்பக் கொண்டுசெல்ல விரும்பினால் தடுக்கும் உரிமை நமக்கில்லை. வேரோரம் பக்கக்கன்று ஒன்று கிளைத்திருக்கிறது. அதைமட்டும் பிரித்து விட்டுச்செல்லுமாறு துணைவியார் கேட்டுக்கொள்ளச் சொன்னார். அதற்கென வேறொரு மண்தொட்டி வாங்கி வைத்திருக்கிறோம். அடியில் மூன்று துளைகள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தாயிற்று.