கால் தந்தால் மட்டும் போதுமா?



காலணிக்குள் அடங்கும் மேனாட்டுச் செயற்கைக் கால் வயற்சேற்றில் நடக்கவோ தரையில் குந்தவோ உதவவில்லை. அக்குறையை 1960களின் இறுதியில் உருவான ஜெய்ப்பூர் ரப்பர்க் கால் தீர்த்தது. மருத்துவர் பி. கே. சேத்தியுடன் அதனை உருவாக்கியவர், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மா ஆவார்.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் வழங்க மத்திய அரசின் திட்டம் 1981 முதல் உண்டு. ஆயினும் வழங்குவதோடு கடமை முடியாது. சிறுவன் வளர்வான், கால் வளராது. வார் அறும், சக்கரம் தேயும். செப்பனிடுவார் இல்லையேல் கருவி மூலையில் முடங்கும். அவன் பள்ளியும் நின்றுபோம்.

தோலும் மரமும் இரும்பும் அறிந்த கைகள் நம்மிடம் உண்டு. அக்கைத்திறனுடன் செயற்கை உறுப்புப் பொறியியலையும் நம் இளைஞர் முறையாகக் கற்றல் வேண்டும். வெள்ளிவிழா நினைவாகச் செப்பனிடும் பட்டறை ஒன்றை நாம் தொடங்குவோமாக.