பொருந்துவதெல்லாம் பொருத்தமல்ல

பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டும்போது அதன் ஒயர்களைத் தூக்கிப்போட மனசு வராது. அவற்றில் எதை மறுபடி பயன்படுத்தலாம், எதைத் தொடவே கூடாது?

சுவர் பிளக்கிலிருந்து கேபினட்டின் பின்பக்கம் போகும் பவர் கார்டை மாற்றிப் போடலாம். மேலுறை வெடிக்காமல், எர்த் முள் உடையாமல் இருக்க வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர், புதிய பவர் சப்ளை கேட்கும் அளவுக்குக் குறையக் கூடாது.

ஆபத்து பெட்டிக்குள்ளேதான். இப்போது பல பவர் சப்ளைகளில் ஒயர்களைத் தனியே கழற்றி மாட்டலாம். ஒயரின் ஹார்ட் டிஸ்க் பக்க முனைக்குப் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்க முனைக்குக் கிடையாது. எந்தத் துளையில் 5 வோல்ட், எந்தத் துளையில் 12 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறலாம். ஆனால் முனை மட்டும் பல நேரம் கச்சிதமாக உள்ளே போய்விடும்! ஸ்விட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயலாம். ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே கருகலாம். புது டிஸ்க் கடையில் கிடைக்கும். அதிலிருந்த கல்யாணப் படங்கள் கிடைக்குமா?

அதனால், பவர் சப்ளையை மாற்றினால் அதோடு வந்த ஒயர்களையே போடுங்கள். கழற்றிய ஒயர்களைக் கட்டி, மாடல் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். எதனுடையது என்று தெரியாத ஒயரை மாட்டவே மாட்டாதீர்கள்.