வீட்டுப் பாதையில் வெண்பனி



கனடாவின் நாட்டுப்புறங்களில், பெருஞ்சாலைக்கும் வீட்டுக்கும் இடையே நீண்ட தனிப்பாதை இருப்பதுண்டு. அதில் விழும் வெண்பனியை அகற்றுவது வீட்டாரின் பொறுப்பு. வழி அடைபட்டால் மருத்துவ வண்டியும் உள்ளே வர இயலாது.

100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பாதையில் 30 சென்டிமீட்டர் பனி விழுந்தால், அது 90 கன மீட்டர். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டாலும், மொத்தம் 9 டன். ஈரப்பனி இதைப்போல் மூன்று மடங்கும் கனக்கும். அதை மண்வாரியால் அள்ள முற்படுவது இருதயத்தைச் சோதிப்பதாகும்.

டிராக்டரின் முன் பூட்டும் தகடு பனியை விரைவாகத் தள்ளும். ஆனால், தள்ளிய பனி ஓரங்களில் இறுகிப் பாதையை வரவரக் குறுக்கிவிடும். பனியை அள்ளித் தொலைவில் வீசும் யந்திரம் மெதுவானது. ஆயினும் பாதை குறுகாது. சரளைப் பாதையாயின் அதன் வாயைத் தரையினின்று சற்று உயர்த்தி வைத்தல் வேண்டும். இல்லையேல் கல்லும் பறக்கும். பனி அடைத்துக்கொண்டால், யந்திரத்தை நிறுத்திய பின் கோலால் நீக்குக. கையை நுழைத்தல் ஒருபோதும் ஆகாது.

நம் நாட்டில் ஸோஜிலா கணவாய்ச் சாலையைத் திறப்போரும் இவ்விருவகை யந்திரங்களையும் கையாளுகின்றனர்.

ஆகவே, யந்திரத்தின் குதிரைசக்தியை வினவுமுன், அகற்றிய பனிக்கு இடம் எங்கே என்று வினவுக. பாதையோரம் இடமுண்டெனில் தகடு போதும். இல்லையெனில் வீசும் யந்திரமே ஏற்றது.