சிமெண்டு எத்தனை காலம் காக்கும்?

(கன்னிவாடி பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



அணுக்கழிவு கிடப்பது கல்பாக்கத்தில். கன்னிவாடியில் அதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியதைக் கண்டவர்கள் நாம். கழிவை எங்கே வைப்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

அணுநிலையத்தில் நீரைச் சுத்தம் செய்யும்போது தங்கும் வண்டல் கதிர் வீசும். அதைச் சிமெண்டோடு குழைத்து, பீப்பாயில் இறுகவிட்டு, காங்கிரீட் பள்ளங்களில் அடுக்கி மூடுகிறார்கள். மிகக் கொடிய கழிவுக்குச் சிமெண்டு போதாது. அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்குகிறார்கள்.

சிமெண்டு மலிவு. அதன் காரத்தில் புளுட்டோனியம் எளிதில் கரைவதில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் நம் பெண்களின் கை வெந்து தோல் உரிகிறதே, அதே காரம்தான்! ஆனால் சீசியம் வேறு ரகம். உப்பைப் போல் நீரோடு போய்விடும். சிமெண்டு மட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே பெண்டோனைட் போன்ற களிமண்ணையும் கலக்கிறார்கள்.

சீசியம் 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டு வேண்டும். நம் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி எத்தனை ஆண்டு தாங்குகிறது? கம்பி துருப்பிடிக்கிறது, விரிசல் விடுகிறது, நீர் புகுகிறது. கல்பாக்கமோ கடற்கரை, உப்புக்காற்று கம்பியைச் சும்மா விடுமா? பொறியாளர்கள் இதை அறியாதவர்களல்லர். நீர் புகாத பூச்சும், நிலத்தடி நீரைச் சோதிக்கச் சுற்றிலும் குழாய்க்கிணறுகளும் உண்டு. நாம் சிமெண்டைத் தூற்ற வரவில்லை. சிமெண்டு பார்த்துக்கொள்ளும் என்று மனிதர் கண்ணை மூடிக்கொள்வதைத்தான் எதிர்க்கிறோம்.

கண்ணை மூடினால் என்ன ஆகும்? 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கத்தின் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, கொடிய கழிவு மெல்லிய கழிவுத் தொட்டிக்குள் புகுந்துவிட்டது. ஆறு தொழிலாளர்கள் மீது கதிர் பாய்ந்தது. அங்கே எச்சரிக்கும் கருவியே இல்லை! விவரம் நாட்டுக்குத் தெரிய மாதங்கள் ஆயின. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று எழுதிக் கேட்டது தொழிற்சங்கம்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: குழாய்க்கிணற்று நீரில் கண்ட அளவுகளை மாதந்தோறும் தமிழில் எழுதி, சுற்றியுள்ள ஊராட்சி மன்றங்களில் மாட்டுங்கள். பீப்பாய் உருட்டும் ஒப்பந்தத் தொழிலாளி வாங்கிய கதிரின் அளவைச் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். வேலையை விட்டுப் போன பிறகும் அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்துங்கள்.