அங்குலிமாலரும் சுனீதரும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

"கெட்டுப் போனவன் திருந்துவானா?" என்னும் கேள்வி நம் தெருக்களில் நாள்தோறும் எழுகின்றது. சாராயத்தில் வீழ்ந்தவனையும், அடிதடியில் இறங்கிச் சிறை சென்று மீண்டவனையும் பெற்றோரே கைகழுவி விடுகின்றனர். அது முறைதானா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய ஒரு வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

கோசல நாட்டின் தலைநகர் சாவத்தி. மன்னன் பசேனதி. அந்நாட்டில் ஒரு கொள்ளையன் ஊர் ஊராய்ப் பாழாக்கி வந்தான். கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாக அணிந்தமையால் அங்குலிமாலன் எனப்பட்டான். அவன் திரிந்த வழியே புத்தர் பெருமான் தன்னந்தனியாய் நடந்தார். உழவரும் ஆயரும் தடுத்தனர், அவர் கேட்டிலர். வாளேந்தித் துரத்தியவன் எவ்வளவு விரைந்தோடியும், இயல்பாக நடந்து செல்லும் அவரை எட்டிப் பிடிக்க இயலவில்லை. நிற்குமாறு கூவினான். தாம் முன்பே நின்றுவிட்டதாகவும், இன்னும் நில்லாதவன் அவனே என்றும் புத்தர் உரைத்தார். உயிர்க்கொலையை அறவே விட்டமைதான் அவர் குறித்த நிற்றல். அச்சொல் அவன் நெஞ்சைத் தைத்தது. வாளை எறிந்தான், அடி பணிந்தான், துறவு பூண்டான். மச்சிம நிகாயத்தின் 86-ஆவது சூத்திரம் தரும் செய்தி இது.

நண்பர்களே, இவ்வளவோடு முடிந்திருப்பின் இது சிறுவர் கதையாகவே நின்றிருக்கும். பின்னர் நடந்தவையே நமக்குப் பாடமாவன.

கொள்ளையனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரருடன் புறப்பட்ட மன்னன், வழியில் புத்தரைக் கண்டான். அவன் துறவியாகியிருந்தால் என் செய்வாய் என்று புத்தர் வினவினார். வணங்கிப் போற்றுவேன், ஆயினும் அத்தகைய கொடியவனுக்கு ஒழுக்கம் ஏது என்றான் மன்னன். அருகில் அமர்ந்திருந்தவரையே புத்தர் சுட்டிக் காட்டியபோது, மன்னனுக்கு மயிர் சிலிர்த்தது. அங்குலிமாலர் புத்தரை நம்பியது பெரிது; அங்குலிமாலரைப் புத்தர் நம்பியது அதனினும் பெரிது அன்றோ?

அடுத்து ஒரு நாள், பிள்ளைப்பேற்றில் துடிக்கும் பெண்ணொருத்தியை அங்குலிமாலர் கண்டார். பிறந்த நாள் தொட்டு அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை. அவ்வாய்மையால் நலம் பெறுக என்று அவளிடம் சொல்லுமாறு புத்தர் பணித்தார். அது பொய்யாகுமே என்று அவர் தயங்கினார். அறநெறியில் பிறந்த நாள் தொட்டு என்று சொல் எனத் திருத்தினார் புத்தர். தாயும் சேயும் நலம் பெற்றனர். பழைய குற்றத்தை அவர் மறைக்க விரும்பவில்லை என்பதைக் காணுங்கள். உயிர்களை அழித்தவருடைய பெயரால் அமைந்த பாராயணத்தை, இலங்கைப் பௌத்தர் இன்றும் கருவுற்ற தாய்மாரின் நலத்திற்காக ஓதுகின்றனர்.

இறுதியாக, பிச்சைக்குச் சென்ற இடத்தில் அவர் மீது கல்லும் கழியும் விழுந்தன. மண்டை உடைந்து, ஓடு நொறுங்கி, குருதி வழிய வந்தார். பொறுத்துக்கொள், இது உன் பழவினையின் பயன் என்றார் புத்தர். திருந்தினேன் என்ற உடனே உலகம் மாலை சூட்டாது. தன்னால் துன்புற்றவரின் சினத்தையும் தாங்கிக்கொண்டு நன்னெறியில் நிலைப்பவனே திருந்தியவன்.

இங்கே ஒன்றை நாம் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். வாடிய மலர்களைப் பெருக்கி அள்ளும் தொழில் செய்தவர் சுனீதர். அவரையும் புத்தர் அழைத்துத் துறவியாக்கினார் என்று தேரகாதை கூறும். ஆனால், சுனீதரிடம் கழுவ வேண்டிய குற்றம் எது? ஒன்றுமில்லை. குற்றம் அவரை இழிந்தவர் என்றவர்களுடையது. அண்ணல் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், சுனீதரைத் தாழ்த்தப்பட்டோர் பகுதியிலும், அங்குலிமாலரைக் குற்றவாளிகள் பகுதியிலும் தனித்தனியே வைத்தார். இவ்விரண்டையும் ஒன்றாக்கியது ஆங்கில அரசு. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1952-இல்தான் அது முற்றிலும் நீங்கியது. ஆகவே, பிறப்புக்காக எவரும் மீட்கப்பட வேண்டியதில்லை. செய்த தீமையிலிருந்தே மனிதன் மீள வேண்டும், மீளவும் முடியும்.

இளைஞர்களே! தவறிய தோழன் ஒருவன் நாளை நம் சங்கத்தின் படியேறி, மீண்டும் படிக்க வேண்டும் என்று கேட்பான். அவனுடைய பழைய கதையைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். அருகில் இடம் கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தாருங்கள். அவன் தீங்கிழைத்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கச் செல்லும்போது உடன் செல்லுங்கள். தவறியவர்களுக்கும் ஒரு சொல்: ஊர் உங்களை நம்புமுன் நீங்கள் நின்று காட்டுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவித்த இச்சங்கம், இனி வீழ்ந்தவரை எழுப்பும் பணியையும் மேற்கொள்ள வேண்டும் என வேண்டி அமைகின்றேன்.