டயரில் தொடங்கிய பாடம்

(வட்டார அளவிலான சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரகடம் அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இன்னொருவனை "டேய் ஆப்பிரிக்கா" என்று கூப்பிட்டான். வகுப்பே சிரித்தது. நிறத்தைக் கேலி செய்யக் கூடாது என்று கண்டித்தேன். பிறகு, ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு நாட்டின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறை என்னுடையது என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பிள்ளைகள் சிலரின் அப்பாக்கள் டயர் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அதனால் மறுநாள் பாடத்தை டயரில் தொடங்கினேன். "ரப்பர் எங்கிருந்து வருகிறது?" "கேரளா சார்!" சரிதான். ஆனால் அது போதாமல் இறக்குமதியும் செய்கிறோம். நமக்கு அனுப்பும் நாடுகளில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட். ஆப்பிரிக்காவிலேயே அதிகம் ரப்பர் விளைவது அங்கேதான்.

வரைபடத்தை விரித்தோம். தெற்கே கினி வளைகுடா, கிழக்கே கானா, மேற்கே லைபீரியா, கினி, வடக்கே மாலி, புர்கினா பாசோ. பரப்பு சுமார் 3.22 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தெற்கில் மழைக்காடு, வடக்கில் புல்வெளி. தலைநகர் யாமுசுக்ரோ, பெரிய நகரம் அபிஜான். உலகில் மிக அதிகமாகக் கோகோ விளைவதும் இங்கேதான். முந்திரிக்கொட்டையும் ஏராளம், அது கப்பலேறி இந்தியாவுக்கும் வருகிறது.

அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன; ஆட்சிமொழி பிரெஞ்சு. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்து 'அட்டியேகே' செய்கிறார்கள். "நம்ம புட்டு மாதிரியா சார்?" என்றாள் ஒரு மாணவி. வடக்கே மண்ணும் மரமும் கொண்டு கட்டிய எட்டுப் பழைய மசூதிகள் 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நாடு உள்நாட்டுப் போரில் பிளந்து கிடந்த 2005-இல், உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் கால்பந்து வீரர் டிடியே ட்ரோக்பா அணியினருடன் மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று வேண்டினார். அதைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது.

அப்போது, முதல் நாள் கேலிக்கு ஆளானவன் எழுந்தான். "ரப்பர் பால் அவங்ககிட்ட இருக்கு. டயரையும் அவங்களே செஞ்சு விக்கலாமே சார்?"

வரலாற்றுப் பாடமே அந்தக் கேள்விக்குள் இருந்தது. 1893-இல் அந்த நாடு பிரெஞ்சுக் குடியேற்ற நாடானது. விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவே பாதைகள் போடப்பட்டன. மக்களிடம் கட்டாய உழைப்பு வாங்கப்பட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பெலிக்ஸ் ஊஃபுவே புவாஞி கொண்டுவந்த சட்டத்தால் 1946-இல் அது ஒழிந்தது. 1960 ஆகஸ்ட் 7-இல் நாடு விடுதலை பெற்றது. அவரே முதல் குடியரசுத் தலைவர். ஆனாலும் மூலப்பொருளை அனுப்பும் பழக்கம் எளிதில் மாறவில்லை. கோகோ விளைவிப்பவருக்குச் சாக்லேட் விலையில் கிடைப்பது சிறு பங்குதான். முந்திரியை உள்நாட்டிலேயே உடைத்துப் பருப்பாக்க இப்போது முயல்கிறார்கள். பருத்தியை அனுப்பிவிட்டுத் துணியை விலைக்கு வாங்கிய நம் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆசிரியர் நண்பர்களே, தலைநகரையும் நாணயத்தையும் மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். தன் அப்பாவின் கையில் ஒட்டிய ரப்பர் எந்த ஊர்க்காரர் வடித்த பால் என்று அறிந்த பிள்ளை, அந்த ஊர்ப் பெயரை வசைச்சொல்லாக்காது. உங்கள் ஊரிலும் வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த பாடத்தை அதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.